பழைய குளியல் தொட்டி

எம் இல்லத்தில் பாட்டனார் காலத்து வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி ஒன்றிருந்தது. எனாமல் பெயர்ந்து துருவேறிற்று. மெருகிடுவதா, மாற்றுவதா என இரு திங்கள் வழக்காடினோம். எனாமலாவது, சுமார் 800 செல்சியஸ் வெப்பத்தில் இரும்போடு உருகி ஒன்றிய கண்ணாடி. வீட்டில் பூசுவதோ வெறும் வண்ணமே. அன்றியும், பழம்பூச்சைக் கரைக்கும் மெத்திலீன் குளோரைடின் ஆவியால் அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை தொட்டி மெருகிடுவோர் 13 பேர் மாண்டனர். எம் குளியலறைக்கு ஒரே சாளரம், அதுவும் திறவாது! அங்கே ஓர் இளைஞனைக் குனிந்து பணிசெய்ய விட மனம் ஒப்பவில்லை. புதியது வாங்கப் புறப்பட்டோம். அன்னையார் மறித்தார்: "பிள்ளைகளே, அந்த விளிம்பைத் தாண்ட எனக்கு முழங்கால் ஏது? வாளியும் முக்காலியும் போதும்."

நால்வர் சுமந்து கொல்லையில் இறக்கிய தொட்டியில் இன்று மருதாணி தழைத்து நிற்கிறது.