இடனறிதல்

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 48, 49, 50 என்பன அவற்றின் எண்கள். மாதந்தோறும் கூடிக் குறள் வாசிக்கும் நாங்கள் ஐவரும் அம்மூன்றையும் மூன்று அமர்வுகளில் வாசித்து முடித்தோம். முடித்தோம் என்றுதான் சொல்லலாம்; கற்றோம் என்று சொல்வதற்கில்லை. மூன்றாவதை எங்களுக்குக் கற்பித்தது ஒரு பழைய காரின் காற்றுக்குழாய்.

2012இல் ஐவரும் பங்கு போட்டு வாங்கிய கார் அது. 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். இலக்கியக் கூட்டங்களுக்கும் கோயில் பயணங்களுக்கும் அதுவே எங்கள் தேர். 2014 மே மாதம் வல்வில் ஓரியின் கொல்லிமலையைக் காணப் புறப்பட்டோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் வண்டி இளைக்கத் தொடங்கிவிட்டது. இருவர் இறங்கி நடக்கலாமா என்று யோசிக்குமளவுக்கு நிலைமை முற்றியது.

ஊர் திரும்பி, வழக்கமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினோம். வெளிக்காற்றை எஞ்சினுக்குக் கொண்டுவரும் குழாய் எப்போதோ கழன்று விழுந்திருந்தது. காற்று வடிகட்டிப் பெட்டி, பானெட்டுக்குள் வெந்துகொண்டிருந்த காற்றையே உறிஞ்சி வந்திருக்கிறது. புதுக் குழாய் பொருத்த வேண்டும். அதன் வாயை எங்கே வைப்பது என்பதே கேள்வி.

இதிலுள்ள கணக்கு எளியது. சூடேறினால் காற்று விரியும். விரிந்த காற்றில், அதே கன அளவுக்குள் இருக்கும் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும், வலுவும் குறையும். எங்கள் எஞ்சின் 3000 சுற்றில் ஓடுகையில் மிதியை முழுதும் அழுத்தினால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1800 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். அவ்வளவும் குளிர்ந்த காற்றாக இருந்தால் நல்லதுதானே?

எங்களுள் ஒருவர் இயற்பியல் பட்டதாரி. வெப்பமானி ஒன்றை வாங்கிவந்து, நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டியபின் மூன்று இடங்களில் அளந்தார். பானெட்டுக்குள் 68 டிகிரி. ஹெட்லைட்டுக்குப் பின்னால், மட்கார்டின் மேல்விளிம்பை ஒட்டி 43. முன்பம்பருக்குக் கீழே 39. அளவுகளைத் தாளில் எழுதியதும் எங்களுக்கு ஐயமே எழவில்லை. பம்பருக்குக் கீழேதான் குளிர்ச்சி அதிகம். எதிர்க்காற்றும் நேராக வந்து மோதும். அங்கேயே வைப்பது என்று ஐவரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

மெக்கானிக் அண்ணன் தலையைச் சொறிந்தார். "மேலயே வச்சிடலாம் சார். வண்டி வெயில்ல மட்டுமா ஓடுது, மழையிலயும் ஓடணும்ல?" என்றார். சென்னையில் வருடத்துக்கு எத்தனை நாள் மழை பெய்கிறது என்று நாங்கள் அவரிடம் திருப்பிக் கேட்டோம். அவர் மேற்கொண்டு பேசவில்லை. நாங்கள் சொன்ன இடத்திலேயே பொருத்தித் தந்தார். தரையிலிருந்து 25 சென்டிமீட்டர் உயரம்.

அடுத்த ஒன்றரை ஆண்டுகள் வண்டி நன்றாகவே ஓடியது. எங்கள் அறிவைக் குறித்து நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு.

2015 டிசம்பர் 1. அன்றைய மழையைச் சென்னைவாசிகளுக்கு நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை. முடிச்சூரில் வசித்த எங்கள் நண்பரின் தாயாருக்கு மாலையில் மூச்சுத்திணறல் கண்டது. ஆம்புலன்ஸ் கிடைக்கவில்லை. எங்களில் மூவர் அங்கே இருந்தோம், காரும் இருந்தது. அம்மாவைப் பின்னிருக்கையில் சாய்த்துக்கொண்டு தாம்பரம் நோக்கிக் கிளம்பினோம். சாலையில் கணுக்காலுக்குச் சற்று மேலே நீர் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகச் சென்றால் கடந்துவிடலாம் என்று நம்பினோம். எங்களுக்கு முன்னால் போன கார்களும் கடந்துகொண்டுதான் இருந்தன.

எதிரே ஒரு லாரி வந்தது. அது தள்ளிவந்த அலை எங்கள் பம்பரின் மேல் ஏறி இறங்கியது. எஞ்சின் ஒருமுறை குலுங்கி நின்றது. அப்போதாவது கையைக் கட்டிக்கொண்டிருந்திருக்கலாம். "ஒருதரம் போட்டுப் பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பினோம். இரும்பை இரும்பால் அடித்தாற்போல் ஓர் ஓசை கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அருகிலிருந்த கடையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி, அம்மாவை அதில் அமர்த்தித் தூக்கிக்கொண்டு நடந்தோம். வழியில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையை அடைய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த ஒன்றரை மணி நேரமும் அம்மாவின் மூச்சொலி ஒன்றைத் தவிர வேறெதையும் நாங்கள் கேட்கவில்லை. தெய்வாதீனமாக அவர் பிழைத்தார். மூன்றாம் நாள் கண் விழித்து எங்களைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு மூச்சு முட்டுதுன்னு வண்டியில ஏத்தினீங்க. எனக்கு முன்னாடி அது மூச்சை விட்டுடுச்சேப்பா."

வெள்ளம் வடிந்தபின் மெக்கானிக் அண்ணன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைச் சுற்றினார். துளைகளிலிருந்து நீர் பீறிட்டது. ஒரு பிஸ்டன் மட்டும் மற்றவற்றைப்போல் மேலே எழவில்லை; அதன் கனெக்டிங் ராட் வளைந்திருந்தது. காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. எங்கள் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் அளவு 300 மில்லிலிட்டர். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது எஞ்சும் இடமோ ஏறத்தாழ 33 மில்லிலிட்டர்தான். ஒரு சிறங்கை நீர்கூட வேண்டியதில்லை. வண்டி நின்றவுடன் சாவியைத் தொடாமல், பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றியிருந்தால் எஞ்சின் ஒருவேளை தப்பியிருக்கும். "நான் அப்பவே சொன்னேன்" என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. அது வந்திருந்தால் எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு பழைய தாளை எடுத்துக் கணக்கை மீண்டும் போட்டோம். 39 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 68 டிகிரிக் காற்றின் அடர்த்தி நூற்றில் எட்டுப் பங்குக்கு மேல் குறைவு. ஆகவே பானெட்டுக்குள் இருந்து வாயை வெளியே எடுத்தது சரியான முடிவே. ஆனால் 39க்கும் 43க்கும் இடையே உள்ள வேறுபாடு நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. அதுவும் மிதியை முழுதும் அழுத்தும் அரிய தருணங்களில் மட்டுமே தெரியக்கூடியது. எதிர்க்காற்றின் மோதலும் அப்படித்தான்: மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலும் அது தரும் கூடுதல் அழுத்தம் நூற்றில் அரைப்பங்கை எட்டாது. இந்த அற்பத்துக்காக நாங்கள் விட்டுக்கொடுத்தது அரை மீட்டர் உயரத்தை. மூன்று எண்களும் முதலிலிருந்தே எங்கள் கையில் இருந்தன. எது மிகக் குளிர்ந்த இடம் என்று பார்த்தோமே தவிர, எவ்வளவு குளிர்ந்தால் போதும் என்று கேட்கவில்லை.

எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய ஐவரும் மறுபடி பங்கு போட்டோம். குழாயின் வாய் இப்போது ஹெட்லைட்டுக்குப் பின்னால், தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எஞ்சின் சூடு அண்டாதபடி இடையில் ஒரு தகடு அடித்திருக்கிறோம். கொல்லிமலைக்கு மீண்டும் ஒருமுறை போய்வந்தோம். யாரும் இறங்கி நடக்கவில்லை. தேங்கிய நீரைக் கண்டால் இன்னமும் வண்டியைத் திருப்பிவிடுகிறோம். உயரம் கூடிவிட்டது என்பதற்காக வெள்ளத்தோடு பந்தயம் கட்ட முடியாது.

கடலில் தேர் ஓடாது, நிலத்தில் கப்பல் ஓடாது என்ற கருத்தை ஐம்பதாம் அதிகாரத்தில் வாசித்தபோது, இது யாருக்குத்தான் தெரியாது என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டது நினைவிருக்கிறது. ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நல்ல நாளையே கண்முன் நிறுத்திப் பார்க்கிறோம். நாற்காலியில் ஒருவரைச் சுமந்து நடக்கவேண்டிய நாளுக்கு அவ்விடம் தாங்குமா என்று கேட்பதே இடனறிதல் என்பது எங்களுக்குப் பின்னரே விளங்கியது. மெக்கானிக் அண்ணன் குறள் வாசித்தவரா என்று இதுவரை நாங்கள் விசாரித்ததில்லை.