கடலில் ஒரு கோடு, மலையில் ஒரு வேலி

சேர்வராயன் மலையில் வாழும் எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஏற்காட்டு ஏரிதான். ஒண்டிக்கடைப் பக்கம் வாழ்ந்து, அந்த ஏரியில் துடுப்புப் படகு ஏறியதையே பெரும் பயணமாகப் பேசிவந்த நாங்கள், 2023 மார்ச்சு மாதம் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் புறப்பட்டபோது அக்கம்பக்கத்தார் நகைத்தனர்.

காணாமற்போனதைத் தேடித் தருபவர் பதுவைப் புனிதர் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. நாங்கள் இழந்திருந்தது பொருளன்று. உடன்பிறந்த அண்ணனின் உறவு. பாகம் பிரித்த காப்பித் தோட்டத்தில் வேலி இரண்டு முழம் தள்ளி நடப்பட்டுவிட்டது என்ற பேச்சில் ஆறு ஆண்டுகள் இரு வீட்டாரும் முகம் பார்க்கவில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்தில் பேருந்து ஏறி இராமேசுவரம் சேர்ந்தோம். வேர்க்கோடு பங்கின் ஏற்பாட்டில் முன்பே பெயர் பதிந்திருந்தோம். துறைமுகத்தில் சோதனை முடிந்து விசைப்படகில் ஏறினோம். வலைகளை இறக்கிவிட்டுத் தளத்தைக் கழுவியிருந்தும் மீன் வாடை போகவில்லை. “அணியத்துல இருக்காதீங்க ஐயா, நடுவுல வாங்க. அலை அங்கதான் தூக்கும்” என்று படகோட்டி எச்சரித்தார். அவர் சொல் கேளாததன் பலனை அரை மணி நேரத்தில் வயிறு உணர்த்தியது. மாதா மன்றாட்டு மாலையே துணையாயிற்று.

நடுக்கடலில் அவர் கைநீட்டி, “இதுதான் எல்லை” என்றார். எட்டிப் பார்த்தோம். இருபுறமும் ஒரே நீலம், ஒரே அலை.

285 ஏக்கர் கொண்ட அத்தீவில் குடியிருப்பு இல்லை, குடிநீரும் இல்லை. இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தோனியாருக்கு அங்கே சிற்றாலயம் எழுப்பினார் என்பர். கிரேக்கத் தீவுகளின் மீனவர் துறைகளில் புனித நிக்கோலாசின் சிற்றாலயங்கள் நிற்பதுபோல, கடலுக்குச் செல்வோரின் நம்பிக்கை அங்கும் கல்லாகி நின்றது. 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவு இலங்கைக்குச் சென்றது. ஆயினும் இந்தியத் திருப்பயணிகள் கடவுச்சீட்டும் விசாவும் இன்றி வந்து போகலாம் என்று அதே உடன்படிக்கை இடமளித்தது. இலங்கைப் போரால் பல்லாண்டுகள் தடைபட்ட திருவிழா, போர் ஓய்ந்தபின் 2010-இல் மீண்டும் தொடங்கியது. புதிய ஆலயம் 2016 இறுதியில் எழுந்தது.

கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி முடிந்து மணலில் விரிப்பிட்டுப் படுத்தோம். அருகே யாழ்ப்பாணத்து மீனவர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். எங்கள் படகோட்டியிடம் அவர் மெல்லச் சொன்னார்: “உங்கட இழுவைப் படகுகள் எங்கட வலையளை அறுத்துக்கொண்டு போகுது, அண்ணை. கடன் எடுத்து வாங்கின வலை.” படகோட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்க ஊர்ப் பிள்ளைகளும் உங்க ஊர்ச் சிறையில கிடக்குதுங்க, தம்பி” என்றார். இருவர் சொன்னதும் மெய். இருவர் வீட்டிலும் அடுப்பெரிவது அந்த ஒரே கடலால்.

மறுநாள் தமிழிலும் சிங்களத்திலும் ஒலித்த திருப்பலியில் சமாதானம் கூறும் வேளை வந்தது. நேற்று வழக்குரைத்த அவ்விருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டனர். வழக்குத் தீர்ந்துவிடவில்லை, ஆயினும் பற்றினர். அப்போது எங்கள் மனச்சான்று குத்தியது. வேலிக்கால் நட்ட நாளில், அது சற்றே அண்ணன் பக்கம் சாய்வதைக் கண்டும் நாங்கள் வாய் திறக்கவில்லை. இதை ஆறு ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் சுற்றி வளைத்தே சொல்லியிருந்தோம்.

ஊர் திரும்பியதும் அந்தோனியார் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுப் படியேறினோம். அண்ணிதான் கதவைத் திறந்தார். “வேலி எங்கள் பிழை” என்றோம். அண்ணன் வெகுநேரம் படத்தையே பார்த்திருந்து, “காப்பி போடு” என்று அண்ணியிடம் சொன்னார். அவ்வளவே.

2024-இல் மீனவர் சிறைத்தண்டனையைக் கண்டித்து இராமேசுவரம் படகுகள் திருவிழாவுக்குச் செல்லவில்லை. 2025-இல் மீண்டும் சென்றன. கடல்வழக்கு எளிதில் தீர்வதன்று. மலையிலோ வேலிக்கால்களைப் பிடுங்கி உரிய இடத்தில் நட்டுவிட்டோம். நடுவே ஒரு படலும் வைத்தோம். காலையில் அண்ணன் அதன் வழியாகவே வருகிறார்.

அன்பர்களே, நம் வீட்டு வேலிகளில் படல் வைக்க இடம் உண்டா என்று இத்தவக்காலத்தில் ஒருமுறை பார்ப்போமா?