நம்ம காலை நாமே பிடிப்போம்!

உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று ஆபீஸில் ஒரே ஒருத்தரிடம் சொல்லிப் பாருங்கள். மத்தியானத்துக்குள் மொத்த ஆபீஸும் டாக்டராகிவிடும். "வெந்தயத்தை ஊறவெச்சுச் சாப்பிடுங்க சார்" என்பார் டெஸ்பாட்ச் கிளார்க். "பாகற்காய் ஜூஸ்தான் சார்" என்பார் கேஷியர். ஆவாரம்பூ, நாவல்கொட்டை, சிறியாநங்கை என்று ஒரு நாட்டு மருந்துக் கடையே மேஜை மேல் வந்து உட்காரும். அத்தனை யோசனையும் வாயோடு சரி. காலைப் பற்றி யாராவது பேசணுமே? ம்ஹூம்!

முப்பத்து நாலு வயசில் எனக்குச் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்தது. அதைப் பார்த்ததும் டாக்டர் சொன்ன முதல் வார்த்தை, "ஷூவைக் கழட்டுங்க." கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா... தெரியுதா?" என்று கேட்டார். தெரிந்தது. அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

விஷயம் இதுதான். சர்க்கரை பல வருஷம் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் நரம்புகள் கெடும். பாதத்தில் வியர்வையைச் சுரக்க வைக்கும் நரம்புகளும் அதில் சேர்த்தி. வியர்வை நின்றால் தோல் வறளும், குதிகால் வெடிக்கும். வெடிப்பு என்பது கிருமிகளுக்குத் திறந்து வைத்த வாசல். வலியைச் சொல்லும் நரம்பும் லீவில் போய்விட்டால், வாசல் திறந்திருப்பதே வீட்டுக்காரருக்குத் தெரியாது.

கும்பகோணத்தில் என் பெரியப்பா பாத்திரக் கடையில் கணக்கு எழுதினார். பைசா பிசகாது. அவருடைய குதிகால் வெடிப்பில் சீழ் வைத்ததை, வேஷ்டியில் கறையைப் பார்த்துப் பெரியம்மாதான் கண்டுபிடித்தார். அதற்குள் பாதம் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "வலிக்கவே இல்லையேடா. வலிச்சிருந்தா பாத்திருக்க மாட்டேனா?"

வலி இல்லாதது எத்தனை பெரிய ஆபத்து என்பதை நம் வேலூரில் இருந்தபடி உலகத்துக்குக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் கை கால்களைப் பெரும்பாலும் சிதைப்பது கிருமி அல்ல, உணர்ச்சி இல்லாத இடத்தில் தெரியாமலே படும் காயங்கள்தான் என்றார். சர்க்கரைக்காரர்களின் காலுக்கும் அதே பாடம்தான்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெய் போதும். எண்ணெய் தோலுக்குப் புதிதாக ஈரம் கொடுப்பதில்லை. இருக்கிற ஈரம் ஓடிப்போகாமல் மூடி போடுகிறது. பி.காம். பாஷையில் சொன்னால், அது வரவு இல்லை. செலவைக் குறைக்கிற சமாசாரம். அதனால் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை நன்றாகத் துடைத்து, பாதத்தில் லேசான ஈரம் இருக்கும்போதே தடவணும்.

சில கண்டிஷன்கள் உண்டு. விரல் இடுக்கில் எண்ணெய் கூடவே கூடாது. ஊறிப்போய் சேற்றுப்புண்ணுக்கு வழி பண்ணும். புண்ணின் மேலும் கூடாது. எண்ணெயைச் சூடு பண்ண வேண்டாம். மெழுகை உருக்கி வெடிப்பில் விடும் கைவைத்தியத்துக்குப் பெரிய கும்பிடு. உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம்தான் மிச்சம். தடித்த தோலை பிளேடால் சீவுவதும் வேண்டாம். தடவிய கையோடு டைல்ஸ் தரையில் நடந்தால் காலுக்கு முன்னால் இடுப்பு போய்விடும். காட்டன் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வெடிப்பு ஆழமாக இருந்தாலோ, ரத்தம், சீழ் தெரிந்தாலோ நேரே டாக்டரிடம்தான். தடித்த தோலுக்கு யூரியா கலந்த க்ரீம் எழுதித் தருவார்.

எண்ணெய் சர்க்கரையையும் குறைக்காது, செத்த நரம்பையும் எழுப்பாது. பின்னே என்ன லாபம் என்கிறீர்களா? தடவுகிற கைதான் லாபம்! காலுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். நேற்று இல்லாத கீறல், கொப்புளம், வீக்கம், சூடு எல்லாம் விரலில் தட்டுப்படும். அடிப்பாதம் தெரியாவிட்டால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வையுங்கள். தினசரி ஆடிட்! அப்படியே ஷூவையும் போடும் முன் ஒரு தரம் கவிழ்த்துத் தட்டுங்கள். ஒரு நாள் என் ஷூவிலிருந்து விழுந்தது ஒரு ஜெம் கிளிப்.

ராத்திரி நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தால் என் மனைவிக்குச் சிரிப்பு. "உங்க காலை நீங்களே பிடிச்சுக்கறீங்களே, கேவலமா இல்லே?"

இதில் என்ன கேவலம்? இன்க்ரிமென்ட்டுக்கு ஒருத்தர், டிரான்ஸ்பருக்கு ஒருத்தர் என்று வருஷம் பூராவும் யார் யார் காலையோ பிடிக்கிறோம். தினம் அஞ்சு நிமிஷம் நம்ம காலைப் பிடித்தால் குறைந்தா போய்விடுவோம்?