மிச்சம் பிடித்த பெட்ரோல்

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்று பெரியோர் கூறுவர். இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது, சிக்கனம் என்று எண்ணிக்கொண்டு நாம் செய்யும் விரயம். அதை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சென்ற மே மாதம் ஏற்காட்டு மலைப்பாதையில், அப்பாவின் வேனுக்குள் அமர்ந்து நேரிலேயே கண்டோம்.

எங்கள் அப்பா சேலத்தில் வாடகை வேன் ஓட்டுகிறார். அந்த வேன் ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அக்கா, தங்கை எங்கள் இருவரின் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே மற்ற வீடுகளில் அரிசி விலையைப் பேசுவதுபோல எங்கள் வீட்டில் பெட்ரோல் விலையைப் பேசுவோம். 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டியது. கொரோனாவினால் வாடகை ஓட்டமும் குறைந்திருந்த காலம் அது. அன்றிலிருந்து அப்பா ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்குப் பார்க்கலானார்.

அவருக்குத் தெரிந்த முறை, தாத்தா கற்றுக் கொடுத்த முறைதான். 1973-ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் வழங்குவதைக் குறைத்தன. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காகிவிட்டது. செல்வம் மிகுந்த அமெரிக்காவே 1974-இல் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர் என்று குறைத்தது. அந்நாளில் அம்பாசடர் டாக்சி ஓட்டிய எங்கள் தாத்தா, மலையிறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு வண்டியைத் தானாகவே உருள விடுவாராம். “ஏறும்போது குடித்ததை இறங்கும்போது மிச்சம் பிடிக்கணும்” என்பது அவர் வாக்கு.

கோடை விழா பார்த்துவிட்டு நாங்கள் குடும்பத்தோடு திரும்பிய மாலை அது. ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அப்பா வழக்கம்போல் நியூட்ரலில் போட்டு, பிரேக்கை அழுத்தி அழுத்தி இறக்கிக்கொண்டிருந்தார். பாதி வழியில் ஏதோ கருகும் வாசனை வந்தது. அடுத்த வளைவில் அப்பா பிரேக்கை மிதித்தார், வேன் நிற்கவில்லை. எதிரே பேருந்து ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. அப்பாவின் முகம் வெளுத்ததைக் கண்ணாடியில் பார்த்தோம். எப்படியோ இரண்டாம் கியரில் போட்டு, கைப்பிரேக்கையும் இழுத்து, மலைப்பக்கம் இருந்த மண்மேட்டில் வேனைச் சாய்த்து நிறுத்தினார். எங்களில் ஒருவருக்கும் காயமில்லை. வேனின் இடப்பக்கம் மட்டும் நசுங்கியது. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மா மெல்லக் கேட்டார்:

“ஏங்க, இன்னிக்கு எவ்வளவு பெட்ரோல் மிச்சமாச்சுங்க?”

அப்பா பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கான விடையை அடுத்த நாள் மெக்கானிக் சொன்னார். “அண்ணே, இது பழைய கார்ப்பரேட்டர் வண்டி இல்லீங்க. கியரில் இருக்கும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தீங்கன்னா, இறக்கத்தில் சக்கரமே இன்ஜினைச் சுத்தும். கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோட நிறுத்திடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும்” என்றார். அப்படியானால் மிச்சம் ஒன்றுமில்லை, செலவுதான்! தாத்தாவின் வண்டிக்குப் பொருந்திய கணக்கு இந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. ஆனால் ஆபத்து மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே.

பள்ளி திறந்ததும் எங்கள் இயற்பியல் ஆசிரியையான சிஸ்டரிடம் இதைச் சொன்னோம். அவர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையிலேயே கணக்குப் போட்டுவிட்டார். ஆட்களோடு சேர்ந்து 1200 கிலோ எடையுள்ள வேன் 1000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், இரண்டு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமாம்! இன்ஜின் அதைத் தடுத்துத் தாங்காவிட்டால், பெரும்பகுதி வெப்பமாகி பிரேக்கில்தான் இறங்கும். பிறகு பிரேக் எப்படிப் பிடிக்கும்? “சமவெளியிலும் இதே கதைதான். காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலை வேகமாக மாற்றுகிறோம். அந்த வேகத்தைப் பிரேக்கில் சூடாக்கி வீணாக்குகிறோம். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு, காற்றின் எதிர்ப்பும் ஏறக்குறைய நான்கு மடங்கு” என்று விளக்கினார் சிஸ்டர்.

அன்று மாலை நாங்கள் ஒரு 40 பக்க நோட்டை எடுத்து அப்பாவின் வேனில் வைத்தோம். டேங்கை முழுவதும் நிரப்பி, மீட்டரில் உள்ள கிலோமீட்டரை எழுத வேண்டும். மறுமுறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதி வகுத்துப் பார்க்க வேண்டும். முதல் மாதம் அப்பாவின் பழைய முறையிலேயே ஓட்டச் சொன்னோம். சராசரியாக லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர் வந்தது.

இரண்டாம் மாதம் மாற்றங்கள் தொடங்கின. டயரில் காற்று குறைந்திருந்தது. கம்பெனி குறித்துள்ள அளவுக்கு நிரப்பி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தோம். ஆறு மாதமாகக் கூரையில் வெறுமனே கிடந்த கேரியரைக் கழற்றினோம்; அது காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கிளட்சின் மேல் கால் வைத்தே ஓட்டும் பழக்கத்தை அப்பா விட்டார். ரயில்வே கேட் மூடியிருந்தால் இன்ஜினை அணைத்தார். ஆனால் ஓடும்போது ஒருநாளும் அணைக்கக் கூடாது என்று மெக்கானிக் எச்சரித்திருந்தார். இன்ஜின் அணைந்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பின் பிரேக் கல்லைப்போல் இறுகிவிடுமாம். நெடுஞ்சாலையில் 80-இல் பறந்தவர் 50, 55-இல் டாப் கியரில் போனார். 1978-இல் அரசு அமைத்த பெட்ரோலியப் பாதுகாப்பு ஆய்வுச் சங்கமும் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தையே சிக்கனமானதாகச் சொல்கிறது.

இவை எல்லாவற்றிலும் பெரியது, முன்கூட்டிப் பார்ப்பது. தொலைவில் சிக்னல் சிவப்பாக இருந்தால், முன்பெல்லாம் அப்பா அதன் வாசல் வரை ஆக்சிலேட்டரை மிதித்துச் சென்று சட்டென்று பிரேக் போடுவார். இப்போது தூரத்திலேயே காலை எடுத்துவிடுகிறார். வேன் கியரிலேயே மெல்ல மெல்ல வேகம் தணிந்து வரும். பல நேரங்களில் அருகே போவதற்குள் பச்சை விழுந்துவிடும், நிற்காமலே போய்விடலாம். பின்னால் அமர்ந்து நாங்கள், “அப்பா, சிவப்பு!” என்று குரல் கொடுப்பது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

மலையில் இறங்கும்போது இரண்டாம் கியர்தான். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று அப்பா இப்போது மற்ற ஓட்டுநர்களுக்கும் சொல்லி வருகிறார்.

மூன்றாம் மாத முடிவில் நோட்டைப் பார்த்தோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர்! மாதம் 1500 கிலோமீட்டர் ஓடும் வேனுக்கு முன்பு 120 லிட்டர் தேவைப்பட்டது; இப்போது 100 லிட்டர் போதும். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 2000 ரூபாய் மிச்சம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிவரும். ஆக, மாதம் 46 கிலோ புகையும் காற்றில் கலக்காமல் நின்றது. அந்த நோட்டை அம்மாவிடம் கொடுத்தார் அப்பா. அன்று மலையில் சொல்லாத பதில் அதில் இருந்தது. அம்மா கணக்கைப் பார்த்தார். பிறகு எங்களையும் பார்த்தார். “இதுதாங்க மிச்சம்” என்றார். அவர் எதைச் சொன்னார் என்று எங்களுக்குப் புரிந்தது.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டிலும் வண்டி இருக்கலாம். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்; கணக்கை நீங்கள் எழுதுங்கள். காலாண்டு முழுதும் சும்மா இருந்துவிட்டுத் தேர்வுக்கு முதல் நாள் ஆக்சிலேட்டரை மிதிக்கும் நம்மில் சிலருக்கும் அந்த நோட்டில் ஒரு பாடம் உண்டு. தூரத்தில் தெரியும் சிவப்பை இப்போதே பார்ப்போம், சீராகச் செல்வோம், பத்திரமாக வீடு சேர்வோம்.

— சகோதரிகள் இருவர், 11-ஆம் வகுப்பு, 9-ஆம் வகுப்பு