கொடுக்கப்படாத படம்

திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் முதல் வாசல் தம்பானூர்தான். புகைவண்டியிலோ நாகர்கோயில் பேருந்திலோ, தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக நம் பெரியவர்கள் வந்து இறங்கிய இடம் அது. அப்பெட்டியின் அடியில், புடவைகளுக்கு நடுவே, ஒரு திருமணப் படமேனும் இருந்திருக்கும். அதனை ஒரு செல்வமாக நாம் எண்ணியதில்லை. அதன் அருமையை எனக்கு உணர்த்தியவள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி.

1990ஆம் ஆண்டின் பிற்பகுதி. ஈழத்தில் ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டதால், மக்கள் படகு படகாக இராமேசுவரம் கரையில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். எனக்கோ அப்போது புகைப்படக் கலையில் பெரும் பித்து. விடுமுறை நாள்களில் கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றைப் போட்டுக்கொண்டு தம்பானூரில் அலைவேன்.

அன்று பேருந்து நிலையத்தில் ஒரு குடும்பத்தைக் கண்டேன். கன்னியாகுமரி மாவட்டத்து முகாமிலிருந்து மருத்துவத்துக்காக வந்தவர்கள். மாலைக்குள் திரும்பியாக வேண்டுமென்ற பதற்றத்தோடு நாகர்கோயில் பேருந்தை எதிர்நோக்கியிருந்தார்கள். உறங்கும் தம்பியை மடியில் கிடத்தி, சிறுமி என்னையே பார்த்தாள். நான் ஒரு வார்த்தையும் கேளாமல் படம் எடுத்துவிட்டேன். தாய் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிறுமி மட்டும் எழுந்து வந்து, “அண்ணை, இந்தப் படத்தை எங்களுக்கும் தருவீங்களோ? எங்கட படமெல்லாம் வீட்டோட போச்சுது” என்றாள்.

தருவதாகச் சொன்னேன். முகவரி எழுதிக்கொள்ளத் தாள் தேடுவதற்குள் பேருந்து வந்துவிட்டது.

படம் மிக நன்றாக அமைந்தது. நண்பர்கள் வியந்து பாராட்டினார்கள். அட்டையில் ஒட்டி, அடியில் ‘அகதிச் சிறுமி’ என்று எழுதி வைத்தேன். அவள் பெயரைக் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

பல ஆண்டுகள் கழித்து உறைத்தது. 1984இல் பெசாவர் அருகே ஓர் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கானியச் சிறுமியின் படம், மறு ஆண்டு நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழின் அட்டையில் வந்து உலகப் புகழ் பெற்றது. அச்சிறுமியின் பெயர் சர்பத் குலா என்பதை உலகம் அறிந்தது 2002இல்தான். அதுவரை அவர் தம் படத்தைக் கண்டதே இல்லையாம். கோடிக்கணக்கானோர் பார்த்த முகம், உரியவள் மட்டும் பாராத முகம்! அச்செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிரேசில் நாட்டின் செபாஸ்தியாவோ சல்காதோ வேறொரு வழி கண்டவர். முகாம்களில் சிறுவர் கூட்டம் சூழ்ந்துகொள்ளும்போது, ஒவ்வொருவராக வந்து நின்றால் படம் எடுப்பதாகவும், பிறகு தம்மை வேலை செய்ய விடவேண்டுமென்றும் அவர்களோடு ஓர் உடன்பாடு செய்துகொள்வார். ஆரவாரம் செய்த பிள்ளைகள் தனித்து நின்றதும் தத்தம் முகத்தோடு, தத்தம் கம்பீரத்தோடு நின்றார்கள். அப்படங்கள் 2000ஆம் ஆண்டில் தனி நூலாகவே வெளிவந்தன. அவரும் 1969இல் இராணுவ ஆட்சிக்குத் தப்பித் தாய்நாட்டைவிட்டு வெளியேறியவர், 2025இல் மறைந்தார். அவர் படங்களில் பிள்ளைகள் தாமே விரும்பி வந்து நிற்கிறார்கள்; என் படத்திலோ அவள் அகப்பட்டுக்கொண்டாள். வேற்றுமை அவ்வளவே, ஆயினும் அது சிறிதன்று.

2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. அன்று நானும் அந்த அட்டையை எடுத்து, என் கையெழுத்திலிருந்த அச்சொல்லை அழித்தேன். எழுதுவதற்குப் பெயர் இல்லாமையால் இடம் வெறுமையாகவே இருக்கிறது.

இன்றும் தம்பானூரில் நாகர்கோயில் பேருந்து புறப்படும்போது, இறங்குவோர் முகங்களை என் கண் தேடும். அவளுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதாவது இருக்கும். தம் மக்களுக்குக் காட்ட அவளிடம் இளமைப் படம் ஒன்றும் இராது. அது என் அலமாரியில் இருக்கிறது.