நான்கு சாட்சி எங்கே?

  கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

உடுவிலில் படிப்பிக்க வந்த நாளிலிருந்து பிள்ளைகள் என்னிடம் தயங்காமல் கேள்வி கேட்பார்கள். நோன்பு பற்றி, ஹபாயா பற்றி, பெருநாள் திகதி ஏன் கடைசி இரவுவரை தெரிவதில்லை என்பது பற்றி. இந்தத் தவணை தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ரீச்சர், உங்கட சமயத்தில பொம்பிளையளக் கல்லால எறிஞ்சு கொல்லுவினமாம். உண்மையோ?" நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் காற்றில் வந்த கதையைக் கேட்கவில்லை. 2015 ஆகஸ்ட் மாதம் சவூதியில் வேலை செய்த இலங்கைப் பெண் ஒருவருக்கு அங்கே இந்தத் தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டு பிள்ளைகளின் தாய். வீட்டு வேலைக்குப் போனவர். குற்றம், விபசாரம். அதே வழக்கில் அகப்பட்ட ஆணும் இலங்கையர்தான். அவர் திருமணமாகாதவர் என்பதால் அவருக்கு நூறு கசையடி, இவருக்குக் கல். எங்கள் பாராளுமன்றத்தில் பேசப்பட்டது, அரசாங்கம் தலையிட்டது, வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டது. கடைசியில் தண்டனை மூன்று வருடச் சிறையாகக் குறைந்தது. அல்ஹம்துலில்லாஹ், அந்தத் தாய் உயிர் தப்பினார்.

அந்தப் பெண் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் செய்திகள் சொல்லின. "ஒப்புக்கொண்டார்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு மூதூர் றிசானா நபீக்தான் நினைவுக்கு வருகிறார். அது கல் வழக்கு அல்ல, வாள் வழக்கு. 2005 இல் வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு போன ஒரு சின்னப் பிள்ளை. பொறுப்பில் விடப்பட்ட குழந்தை இறந்தது. சட்டத்தரணி இல்லை, ஒழுங்கான மொழிபெயர்ப்பாளர் இல்லை, ஆனால் வாக்குமூலம் இருந்தது. 2013 ஜனவரி 9 ஆம் திகதி அவரது தலை வெட்டப்பட்டது. தெரியாத மொழியில், தெரியாத நாட்டில், பயந்துபோன ஒரு பெண்ணின் ஒப்புதல் எவ்வளவு பெறும்?

இனி மார்க்கத்துக்கு வருகிறேன். மழுப்பாமல் சொல்வதென்றால், கல்லெறிந்து கொல்லும் தண்டனை குர்ஆனில் இல்லை. ஸூரத்துந் நூரின் இரண்டாவது வசனம் விபசாரத்துக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் நூறு கசையடி என்கிறது. கல்லெறி ஹதீஸ்களில் இருக்கிறது. அதை வைத்து நான்கு மத்ஹபு இமாம்களும் திருமணமானவருக்கு அதை ஏற்றார்கள். ஆட்சேபித்தவர்களும் உண்டு. 1981 இல் பாகிஸ்தானின் ஷரீஅத் நீதிமன்றமே இது இஸ்லாமியத் தண்டனை அல்ல என்று தீர்ப்பளித்தது. பிறகு நீதிபதிகள் குழு மாற்றப்பட்டு, 1982 இல் அந்தத் தீர்ப்பும் மாற்றப்பட்டது.

அந்த ஹதீஸ்களை நாங்கள் முழுதாக வாசிக்கிறோமா? மாஇஸ் என்பவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தானாக வந்து குற்றத்தைச் சொன்னார். நபியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான்கு முறை சொல்லும்வரை ஏற்கவில்லை. எறி தாங்காமல் அவர் ஓடினார், மக்கள் துரத்திப் போய் முடித்தார்கள். அதைக் கேள்விப்பட்ட நபியவர்கள், அவரை விட்டிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். போய்ச் சொல்லும்படி மாஇஸைத் தூண்டிவிட்டவர் ஹஸ்ஸால் என்பவர். அவரிடம், உமது ஆடையால் அவரை மறைத்திருந்தால் உமக்கு நல்லதாக இருந்திருக்கும் என்றார்கள். ஃகாமிதிய்யாப் பெண்ணின் சம்பவத்திலும், பிள்ளை பிறந்து பால் மறக்கும்வரை அவரைத் திருப்பி அனுப்பினார்கள். தண்டனைக்குப் பிறகு அவரை ஏசிய காலித் (ரழி) அவர்களைக் கண்டித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஜனாஸாத் தொழுகையும் நடந்தது.

கல் மட்டும் எங்களுக்கு நினைவிருக்கிறது. அந்த ஆடை மறந்துபோனது.

இது எங்களிடம் மட்டும் இருந்த சட்டமும் அல்ல. பைபிளின் உபாகமத்தில் இருக்கிறது. அங்கே சாட்சி சொன்னவனே முதலில் எறிய வேண்டும். பொய்ச் சாட்சி சொல்பவன் கை நடுங்க வேண்டும் என்பதற்காக என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். யூதர்களின் மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு, ஏழு வருடத்துக்கு ஒருமுறை மரண தண்டனை கொடுக்கும் நீதிமன்றத்தையே நாசகார நீதிமன்றம் என்கிறது. எழுபது வருடத்துக்கு ஒருமுறை கொடுத்தாலும் அப்படித்தான் என்றார் அதில் ஓர் அறிஞர். 1824 இல் மிஷனரிமார் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கிய ஊர் இது. இயேசு முன்னால் இழுத்து வரப்பட்ட பெண்ணின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். உபாகமத்தின்படி இருவருக்கும் தண்டனை. ஆனால் இழுத்து வந்தது பெண்ணை மட்டும். அந்த ஆண் எங்கே போனான் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் யோசிப்பார்கள்.

கல்லெறி என்றாலே கொலை என்றும் இல்லை. சாக்கிய நாயனார் கதை எங்கள் சைவப் பிள்ளைகளுக்குப் பாடம். பௌத்தக் கோலத்தில் இருந்துகொண்டு சிவலிங்கத்துக்கு அன்பினால் தினமும் கல் எறிந்தவர். ஒருநாள் மறந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்தவர், நினைவு வந்ததும் சோற்றை விட்டுவிட்டு ஓடினார். ஹஜ்ஜில் மினாவில் நாங்களும் எறிகிறோம். ஷைத்தானை விரட்டிய இப்ராஹீம் நபியின் நினைவாக முதல் நாள் ஏழு கல், அடுத்த நாட்களில் இருபத்தொன்று வீதம். கல் கடலை அளவுதான் இருக்க வேண்டும். நபியவர்கள் பொடிக்கற்களைக் காட்டி, மார்க்கத்தில் எல்லை மீறாதீர்கள் என்று எச்சரித்தார்கள். ஷைத்தானுக்கே கடலையளவுக் கல்தான்.

நபியவர்களும் கல்லெறி பட்டவர்கள்தான். தாயிப் நகரில் சிறுவர்களை ஏவி எறிய வைத்தார்கள், பாதணிகள் இரத்தத்தில் நனைந்தன. அந்த ஊரை அழிக்கட்டுமா என்று கேட்கப்பட்டபோது வேண்டாம் என்றார்கள். இவர்களின் சந்ததியிலாவது நல்லவர்கள் வருவார்கள் என்றார்கள்.

இலங்கையில் இந்தத் தண்டனை இல்லை. 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் குடும்ப விடயத்துக்கு மட்டும். குற்றவியல் சட்டம் எல்லோருக்கும் ஒன்று. தூக்குத் தண்டனைகூட 1976 க்குப் பிறகு நிறைவேற்றப்படவில்லை. ஆகவே அந்தப் பிள்ளைக்கு, இங்கே யாரும் யாரையும் கல்லால் அடிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை.

நான் முன்பு படிப்பித்த ஒரு ஊரில் ஒரு மாணவி இருந்தாள். உம்மா குவைத்தில். உம்மா திரும்பி வந்த மாதம், யாரோ ஒரு குரல் பதிவை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். இவர் அங்கே அப்படியாம், இப்படியாம். சொன்னவர் குவைத்தைக் கண்ணால் கண்டவரும் இல்லை. ஒரே இரவில் ஊர் முழுக்கப் போய்விட்டது. அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தவள் இடம் மாறி இருந்தாள். இரண்டு கிழமைக்குப் பிறகு என் வரவுப் பதிவேட்டில் அவளுக்கு நேரே வரிசையாகச் சைபர்கள். வீட்டுக்குப் போனேன். உம்மா கதவைப் பாதிதான் திறந்தார். "ரீச்சர், நான் அனுப்பின காசில கட்டின வீடு இது. இதுக்குள்ளயே என்னை மூடிப்போட்டாங்க" என்றார். அந்தக் குரல் பதிவைப் போட்டவரிடம் இன்றுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது" என்பார்கள் எங்கள் மூத்தவர்கள். அந்த வீட்டில் சொல்லடி பட்டதை நான் கண்டேன்.

குர்ஆன் இதற்கு என்ன சொல்கிறது? அதே ஸூரத்துந் நூர், இரண்டே வசனம் தள்ளி, நான்காவது. ஒழுக்கமான பெண்கள்மீது பழி சொல்லிவிட்டு நான்கு சாட்சி கொண்டுவராதவருக்கு எண்பது கசையடி. அதன் பிறகு அவருடைய சாட்சியம் ஏற்கப்படாது, திருந்தினாலொழிய. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள்மீதே மதீனாவில் ஒரு மாதமளவு அவதூறு ஓடியது. அவர்களின் தூய்மையைச் சொல்லும் வசனங்கள் வந்ததும் இதே அத்தியாயத்தில்தான். விபசாரத்துக்கு நூறு, அவதூறுக்கு எண்பது. இரண்டும் எவ்வளவு கிட்டக் கிட்ட இருக்கிறது பாருங்கள். முதலாவதைப் பற்றி எத்தனை பயான் கேட்டிருக்கிறோம்? இரண்டாவதைப் பற்றி?

எங்கள் ஊர்களிலிருந்து பெண்கள் கடல் கடந்து போவது ஆசைக்கு அல்ல. தொண்ணூறில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்துக் கொட்டிலில் பிள்ளை வளர்த்த குடும்பங்களுக்கு அந்தக் காசின் அருமை தெரியும். யுத்தத்தில் கணவனை இழந்த தமிழ்ச் சகோதரிகளுக்கும் தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. அடுத்த முறை அப்படி ஒரு குரல் பதிவு உங்கள் கைபேசிக்கு வந்தால், அனுப்பியவரிடம் கேளுங்கள்: நான்கு சாட்சி எங்கே? இல்லையென்றால் அழித்துவிடுங்கள். அந்த வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், நாளைக்குப் பாடசாலைக்கு வரச் சொல்லுங்கள்.

அல்லாஹ் எங்கள் நாவுகளைப் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.