தேவாலயம் மட்டும் எஞ்சிய ஊர்

பக்கிங்ஹாம் நகரிலிருந்து நேராகச் செல்லும் நீண்ட மரச்சாலையில் வழிகாட்டியுடன் நடந்து வருவோர், அதன் முடிவில் கொரிந்திய வளைவையும், அதற்கப்பால் ஏரியையும் ஸ்ரோ மாளிகையையும் காண்கின்றனர். இவ்வாறு வழிகாட்டப்பட்டுப் பார்த்தல் இங்கு பழைய வழக்கமே. 1744 இலேயே இப்பூங்காவிற்குக் கைந்நூல் வெளிவந்துவிட்டது.

கண்டோர் இயற்கையென வியக்கும் கிரேக்கப் பள்ளத்தாக்கு இயற்கையன்று. 1741 இல் தலைமைத் தோட்டக்காரனாக அமர்ந்த லான்சலொற் பிறவுணின் மேற்பார்வையில், கூலியாட்கள் மண்வெட்டி கொண்டு அகழ்ந்த பள்ளம் அது. வேலியும் அவ்வாறே. ஒருபுறம் சுவர் எழுப்பிய அகழியாக அது நிலத்துள் மறைந்து கிடக்கின்றது, பெயர் 'ஹா-ஹா'. சாளரத்தினின்று நோக்கும் பிரபுவின் கண்ணுக்கு எல்லையில்லை. ஆட்டிற்கு மட்டும் உண்டு!

கொப்ஹாம் பிரபுவிற்காக வில்லியம் கென்ற் அமைத்த 'பிரித்தானியச் சான்றோர்' மண்டபத்தில் பதினாறு மார்பளவுச் சிலைகள் உள. அல்பிரெட் மன்னன், ஷேக்ஸ்பியர், நியூற்றன் என நீளும் அவ்வரிசையில் மண் சுமந்தவன் ஒருவனுமில்லை. நீருக்கு எதிர்க்கரையில் 'பண்டைய அறம்' எனும் கோயில். அதற்கு அண்மையில், மரங்களுக்குள் ஒளித்து வைத்தாற்போல், சிறியதொரு தேவாலயம்.

பூங்காவின் நடுவே தேவாலயம் எதற்கு? அங்கே ஸ்ரோ என்ற ஊர் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பூங்கா விரிய விரிய வீடுகள் அகன்றன, குடிகளும் அகன்றனர். மாளிகையின் காட்சியைக் கெடுக்காதவாறு தேவாலயத்தைச் சுற்றி மரங்கள் வளர்ந்தன. நடப்போரிற் சிலர் அம்மரங்களுக்குள் நுழைந்து கல்லறைகளினிடையே சற்றே நிற்கின்றனர். ஏனையோர் ஏரியை நோக்கி நடக்கின்றனர்.